கரிமச் சூரிய மின்கலத்தின் படலம்: ஊற்றுவது முதல் உள்ளே பார்ப்பது வரை

2001இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் ஒரு குழு இரண்டு சூரிய மின்கலங்களை ஒப்பிட்டது. இரண்டிலும் ஒரே பாலிமர், ஒரே ஃபுல்லரீன் (கார்பன் அணுக்களாலான பந்து வடிவ மூலக்கூறு). கரைப்பான் மட்டும் வேறு. டொலுயீனில் கரைத்து ஊற்றியது 0.9% திறன் தந்தது, குளோரோபென்சீனில் கரைத்தது 2.5% தந்தது. மூலக்கூறில் ஓர் அணுகூட மாறவில்லை. டொலுயீன் படலத்தில் ஃபுல்லரீன் பெரிய பெரிய திட்டுகளாகத் திரண்டுவிட்டது, குளோரோபென்சீன் படலத்தில் இரண்டும் நெருக்கமாகக் கலந்து நின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தத் துறைக்குள் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மூலக்கூறைப் பற்றியே படித்துவிட்டு வருகிறார்கள். பட்டை இடைவெளி எவ்வளவு, ஆற்றல் மட்டங்கள் எங்கே என்றெல்லாம் சரளமாகச் சொல்வார்கள். ஆனால் மின்கலம் வேலை செய்யுமா என்பதைப் படலம் உலரும் சில வினாடிகள்தான் பெருமளவு தீர்மானிக்கின்றன. அந்த வினாடிகளில் என்ன நடந்தது என்பதை அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்பவரையும் முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டில் இருப்பவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

பழகுவதற்கு பி3ஹெச்டி, பிசிபிஎம் ஜோடியை எடுத்துக்கொள்வோம். பி3ஹெச்டி என்பது பாலி 3-ஹெக்சைல்தயோஃபீன். எலக்ட்ரானைக் கொடுக்கும் பாலிமர். பிசிபிஎம் என்பது 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்தில் ஒரு வால் ஒட்டிய ஃபுல்லரீன், எலக்ட்ரானை வாங்கிக்கொள்வது. அந்த வால் கரைப்பானில் கரைவதற்காக ஒட்டவைத்தது. திறன் 3 முதல் 4% வரைதான் வரும். இன்றைய புதிய பொருட்கள் 19%ஐத் தாண்டிவிட்ட நிலையில் இது பழங்கதை என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். இதன் படலத்தைப் போல அலசப்பட்ட படலம் இத்துறையில் வேறு இல்லை. உங்கள் முடிவு சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஏராளமான அளவீடுகள் வெளியாகியிருக்கின்றன. பழகும் காலத்தில் அதுதான் வேண்டும்.

எதைத் தேடுகிறோம்

சிலிக்கானில் ஒளி பட்டால் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற நேர்மின் காலியிடம்) அறை வெப்பத்திலேயே பிரிந்துவிடும். கரிமப் பொருளில் அப்படி இல்லை. இதன் மின்காப்பு மாறிலி 3 முதல் 4 வரைதான், சிலிக்கானுக்கோ 12ஐ ஒட்டி வரும். அதனால் இங்கே எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு எக்ஸைட்டான் என்ற ஜோடியாகவே அலைகின்றன. கொடுக்கும் பொருளும் வாங்கும் பொருளும் சந்திக்கும் எல்லைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் ஜோடி பிரியும். எக்ஸைட்டான் செத்துப்போவதற்குள் நகரக்கூடிய தூரம் ஏறக்குறைய 10 நானோமீட்டர். ஒளியைப் போதுமான அளவு உறிஞ்சவோ 100 நானோமீட்டர் தடிமன் வேண்டும்.

1986இல் கோடாக் நிறுவனத்தின் சிங் டாங் இரண்டு அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செய்த மின்கலம் ஒரு சதவீதத்தை ஒட்டியே நின்றதற்கு இந்த 10க்கும் 100க்கும் உள்ள இடைவெளி முக்கியக் காரணம். 1995இல் ஆலன் ஹீகரின் குழு இரண்டு பொருளையும் ஒரே கரைசலில் கலந்து ஊற்றியது. எல்லைகள் படலம் முழுக்கப் பரவின. ஆனால் அதோடு புதிய சிக்கலும் வந்தது. அதிகமாகக் கலந்தால் பிரிந்த மின்சுமை வெளியேற வழி இருக்காது. அதிகமாகப் பிரிந்தால் எக்ஸைட்டான் எல்லைக்கே வந்துசேராது.

ஆகவே "படலத்தின் அமைப்பு" என்று சொல்லும்போது நாம் தேடுவது நான்கு விஷயம்: இரண்டு பொருளும் எந்த அளவுத் திட்டுகளாகப் பிரிந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு படிகமாகியிருக்கிறது, படிகங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கின்றன, மேலிருந்து கீழ் வரை கலவை ஒரே மாதிரி இருக்கிறதா. எந்த ஒரு கருவியும் நான்கையும் காட்டாது.

தகடும் கரைசலும்

ஐடிஓ (ஒளி ஊடுருவும், மின்சாரம் கடத்தும் ஆக்சைடு) பூசிய கண்ணாடித் தகட்டைச் சோப்புத் தண்ணீர், அயனி நீக்கிய நீர், அசிட்டோன், ஐசோபுரொப்பனால் என்று வரிசையாக அல்ட்ராசோனிக் குளியலில் ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து நிமிடம் போடுங்கள். நைட்ரஜன் ஊதி உலர்த்தியபின் யூவி-ஓசோனில் கால் மணி நேரம். அதன்மேல் மின்சாரம் கடத்தும் பாலிமரான பெடாட்-பிஎஸ்எஸ்ஸின் கரைசலை 0.45 மைக்ரான் பிவிடிஎஃப் வடிகட்டி வழியாக விட்டு, நிமிடத்துக்கு 3000 முதல் 4000 சுற்றில் ஸ்பின் செய்தால், அதாவது தகட்டைச் சுழற்றிக் கரைசலைப் பரப்பினால், 40 நானோமீட்டரை ஒட்டிய அடுக்கு வரும். 140 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் வைத்து ஈரத்தை விரட்டுங்கள். மழைக்காலத்தில் இன்னும் கொஞ்ச நேரம் வைப்பது நல்லது. பெடாட் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது.

இங்கேயே ஒரு விஷயத்தைத் திட்டமிட வேண்டும். எக்ஸ்-கதிர் ஆய்வுக்குச் சிலிக்கான் தகடு வசதி, யூவி நிறமாலைக்குக் கண்ணாடி வசதி, மின்கலத்துக்கு ஐடிஓ வேண்டும். மூன்றிலும் படலம் ஒரே மாதிரி அமையும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கீழே என்ன பரப்பு இருக்கிறதோ அதைப் பொறுத்து அடிப்பகுதியின் கலவை மாறும். எல்லாத் தகட்டிலும் பெடாட்டைப் பூசிவிட்டால் செயற்படு அடுக்குக்கு, அதாவது பாலிமர்-ஃபுல்லரீன் கலவைப் படலத்துக்கு, கீழே எப்போதும் ஒரே பரப்புதான் இருக்கும். சின்ன வேலை. இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, சிலிக்கான்மேல் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படத்தை ஐடிஓ மேல் செய்த மின்கலத்தோடு பொருத்திப் பேசுகிற ஆய்வுக் கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

கரைசலுக்கு: ஒரு மில்லிலிட்டர் குளோரோபென்சீனில் 20 மில்லிகிராம் பி3ஹெச்டி, 20 மில்லிகிராம் பிசிபிஎம். 50 டிகிரியில் காந்தக் கிளறி போட்டு இரவு முழுக்க விடுங்கள். பி3ஹெச்டி வாங்கும்போது இரண்டு எண்களைக் குறித்துவைக்க வேண்டும். ஒன்று மூலக்கூறு எடை. இன்னொன்று, பக்கச் சங்கிலிகள் எவ்வளவு ஒழுங்காக ஒரே வரிசையில் தொடுத்திருக்கின்றன என்ற சதவீதம். அது 90க்கு மேல் இருக்க வேண்டும். ஒழுங்கற்ற வகை படிகமாகவே ஆகாது. எவ்வளவு சூடேற்றினாலும் பயனில்லை. புட்டிக்குப் புட்டி, தொகுதிக்குத் தொகுதி இந்த எண்கள் மாறும். தொகுதி எண்ணை நோட்டில் எழுதாதவர் ஆறு மாதம் கழித்துத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

கரைசலை பிடிஎஃப்இ வடிகட்டி வழியாக வெதுவெதுப்பாக இருக்கும்போதே விடுங்கள். ஆற விட்டால் பாலிமர் திரண்டு வடிகட்டியிலேயே தங்கிவிடும், உங்கள் 1:1 விகிதம் உங்களுக்குத் தெரியாமலே மாறிப்போகும்.

பாதுகாப்புப் பற்றி: குளோரோபென்சீன், குளோரோஃபார்ம் இரண்டையும் புகைப்பெட்டிக்குள் அல்லது குளோவ் பாக்ஸுக்குள் மட்டும் கையாளுங்கள். நீல நைட்ரைல் கையுறை இவற்றை அதிக நேரம் தடுக்காது. பட்டால் உடனே கழற்றி மாற்றுங்கள். குளோரின் உள்ள கழிவுக்குத் தனிப் புட்டி வேண்டும். அசிட்டோன் கழிவை அதில் ஊற்றக் கூடாது. குளோரோஃபார்மும் அசிட்டோனும் கொஞ்சம் காரத்தோடு சேர்ந்தால் கடுமையாக வினைபுரியும்.

ஸ்பின் செய்யும் நிமிடம்

தகட்டை வெற்றிடப் பிடிப்பில் வைத்து, பரப்பு முழுக்க மூடும் அளவு கரைசலை விட்டு, நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஒரு நிமிடம். 100 நானோமீட்டரை ஒட்டிய படலம் கிடைக்கும். தடிமன் சுழல் வேகத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். பாதித் தடிமன் வேண்டுமானால் வேகத்தை நான்கு மடங்காக்க வேண்டும். தடிமனை அதிகம் மாற்ற வேண்டுமென்றால் கரைசலின் செறிவை மாற்றுவதே எளிது.

அந்த ஒரு நிமிடம் தகட்டை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். கரைசல் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். சுழலச் சுழல மெல்லிய வண்ண வளையங்கள் ஓடி மறையும். படலம் மெலிந்துகொண்டே போவதால் வரும் குறுக்கீட்டு வண்ணங்கள் அவை. அவை நின்றபின் ஒரு கட்டத்தில் ஆரஞ்சு கருஞ்சிவப்புக்குத் திரும்பும். சுத்தமான பி3ஹெச்டியாக இருந்தால் நன்றாகவே ஊதா தட்டும். கரைசலில் சுருண்டு கிடந்த சங்கிலிகள் நிமிர்ந்து ஒன்றன்மேல் ஒன்று படியத் தொடங்கிய நேரம் அது. நீங்கள் தேடிவந்த அமைப்பு உருவாவதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள். எத்தனையாவது வினாடியில் நிறம் மாறியது என்று எழுதிவையுங்கள். அறை வெப்பமோ குளோவ் பாக்ஸில் தேங்கியிருக்கும் ஆவியோ மாறினால் அந்த வினாடியும் மாறும். "போன வாரம் நன்றாக வந்தது, இந்த வாரம் வரவில்லை" என்ற புலம்பலுக்குப் பாதி நேரம் விடை அங்கேதான் இருக்கும்.

கரைப்பானின் கொதிநிலையை இங்கே நினைவில் வைக்க வேண்டும். குளோரோஃபார்ம் 61 டிகிரி, குளோரோபென்சீன் 132, டைகுளோரோபென்சீன் 180. குளோரோஃபார்ம் சில வினாடியில் பறந்துவிடும்; சங்கிலிகளுக்கு ஒழுங்குபட நேரமே கிடைக்காது. டைகுளோரோபென்சீனில் ஊற்றி, சுழற்சியைப் படலம் ஈரமாக இருக்கும்போதே நிறுத்தி, கண்ணாடிக் கிண்ணத்தால் மூடிவைத்தால் பல நிமிடம் எடுத்து மெதுவாக உலரும். 2005இல் கலிஃபோர்னியாவில் யாங் யாங் குழு இப்படிச் செய்துதான் 4.4% எடுத்தது.

சூடேற்றல்

வேகமாக உலர்ந்த படலத்தை ஹாட் பிளேட்டில் 140 டிகிரியில் பத்து நிமிடம் வையுங்கள், நைட்ரஜன் சூழலில். பி3ஹெச்டி இன்னும் படிகமாகும், பிசிபிஎம் நகர்ந்து திரளும். அதிக நேரம் விட்டால் பிசிபிஎம் மைக்ரான் அளவு படிகங்களாக வளர்ந்துவிடும். சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே கரும்புள்ளிகளாகவும் ஊசிகளாகவும் தெரியும். ஹாட் பிளேட்டின் திரையில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். தகட்டின்மேல் வெப்ப இணையை வைத்து ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். பத்து டிகிரி வித்தியாசம் சாதாரணம்.

சூடேற்றாத ஒரு தகட்டை எப்போதும் ஒதுக்கி வையுங்கள். இனி வரும் எல்லா அளவீட்டையும் ஜோடியாகச் செய்யப் போகிறோம்: சூடேற்றியது, சூடேற்றாதது. ஒற்றைப் படலத்தின் அளவீடு பெரும்பாலும் எதையும் சொல்லாது.

முதலில் யூவி நிறமாலை

புதியவர்கள் நேராக ஏஎஃப்எம் கருவிக்கோ (நுண்ணிய ஊசியால் பரப்பைத் தடவிப் படமெடுக்கும் நுண்ணோக்கி) எக்ஸ்-கதிருக்கோ ஓடுவார்கள். வேண்டாம். எல்லாக் கல்லூரியிலும் இருக்கும் யூவி-விசிபிள் நிறமாலைமானி ஐந்து நிமிடத்தில் சொல்வதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரைசலில் பி3ஹெச்டி 450 நானோமீட்டரை ஒட்டி ஒரே ஒரு அகலமான மேடாக உறிஞ்சும். படலத்தில் அது சிவப்புப் பக்கம் நகர்ந்து, 520, 555, 605 ஆகிய இடங்களை ஒட்டி மூன்று வடிவங்களாகப் பிரியும். 605இல் தெரியும் அந்தத் தோள்தான் நமக்கு வேண்டியது. சங்கிலிகள் நெருங்கி அடுக்கினால்தான் அது வரும். சூடேற்றாத கலவைப் படலத்தில் மங்கலாக இருக்கும், சூடேற்றியபின் தெளிவாக எழும்பும். 605க்கும் 555க்கும் உள்ள உயர விகிதத்தைக் குறித்துக்கொண்டே வந்தால், எந்தக் கரைப்பானில், எந்த வெப்பத்தில் ஒழுங்கு கூடுகிறது என்று ஒரு வரைபடமே போட்டுவிடலாம். பிசிபிஎம் 335ஐ ஒட்டித் தனியாகத் தெரியும், குழப்பம் வராது.

வசதி இருந்தால் ஒளிர்வு நிறமாலையும் எடுங்கள். சுத்தமான பி3ஹெச்டி படலம் ஒளிரும். பிசிபிஎம் கலந்தால் அந்த ஒளி அணைந்துபோகும், ஏனென்றால் எக்ஸைட்டான் எல்லையை அடைந்து பிரிந்துவிடுகிறது. கலவைப் படலத்தில் ஒளிர்வு மீண்டும் தலைகாட்டினால் திட்டுகள் பெரிதாகிவிட்டன என்று சந்தேகிக்கலாம். திட்டு அளவைப் பற்றி இவ்வளவு மலிவாகத் துப்புக் கொடுக்கும் அளவீடு வேறில்லை.

தடிமனை அளக்க, படலத்தை மென்மையான ஊசியால் கீறி, மேடுபள்ளத்தை அளக்கும் புரோஃபைலோமீட்டரை ஓட்டுங்கள். நடுவில் மூன்று இடம் எடுத்தால் போதும். ஓரம் எப்போதும் தடித்திருக்கும், அதைச் சேர்க்காதீர்கள்.

ஏஎஃப்எம் படம் காட்டுவதும் காட்டாததும்

ஊசி பரப்பைத் தட்டிக்கொண்டே போகும் டேப்பிங் முறையில் 5 மைக்ரான் சதுரமும் 1 மைக்ரான் சதுரமும் எடுங்கள். முதலில் வண்ண அளவுகோலைப் பாருங்கள். மென்பொருள் தானாகவே அளவைச் சரிசெய்துகொள்வதால் 2 நானோமீட்டர் மேடுகூடத் திரையில் மலைத்தொடராகத் தெரியும். ஒப்பிடும் எல்லாப் படத்துக்கும் ஒரே உயர அளவுகோலை வைத்தபின் பேசுங்கள். வேகமாக உலர்ந்த படலத்தின் சராசரிக் கரடு ஓரிரு நானோமீட்டர், மெதுவாக உலர்ந்ததில் 10ஐ ஒட்டிக்கூட வரும். இந்தப் பொருளில் கரடு கூடுவது பி3ஹெச்டி ஒழுங்குபட்டதன் அறிகுறி. வேறு பொருளில் அதுவே கெட்ட செய்தியாக இருக்கலாம்.

ஃபேஸ் படத்தில் (ஊசியின் அதிர்வு எவ்வளவு பின்தங்குகிறது என்று காட்டும் படம்) வெளிச்சமாகத் தெரிவது பாலிமர், இருட்டாகத் தெரிவது ஃபுல்லரீன் என்று சட்டென எழுதிவிடாதீர்கள். ஊசியை எவ்வளவு அழுத்தித் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்து வெளிச்சமும் இருட்டும் இடம்மாறிக்கொள்ளும். சுத்தமான பி3ஹெச்டி ஒன்று, சுத்தமான பிசிபிஎம் ஒன்று, இரண்டையும் அதே அமைப்பில் எடுத்துப் பார்த்தபின் வாய் திறக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஏஎஃப்எம் பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே. அடியில் 95 நானோமீட்டர் இருக்கிறது. உள்ளே பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். அதற்குப் படலத்தைத் தகட்டிலிருந்து உரிக்க ஒரு நல்ல வழி உண்டு. ஓரங்களைப் பிளேடால் கீறிவிட்டு, தகட்டைச் சாய்வாக மெல்லத் தண்ணீரில் இறக்குங்கள். அடியிலுள்ள பெடாட் தண்ணீரில் கரையும், செயற்படு படலம் ஊதா நிற ஏடாக மிதந்து வரும். அதைச் செப்புக் கம்பி வலையில் ஏந்திக்கொள்ள வேண்டியதுதான். கை நடுங்கினால் மடிந்துபோகும். முதல் சில ஏடுகளைப் பழகுவதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்-கதிர்: இங்கேதான் நிதானம் வேண்டும்

பி3ஹெச்டி படிகத்தில் இரண்டு இடைவெளிகளைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பக்கச் சங்கிலிகளை நடுவில் வைத்து முதுகெலும்புகள் அடுக்கும் இடைவெளி 16.5 ஆங்ஸ்ட்ராமை ஒட்டியது. ஆய்வுக் கட்டுரைகளில் 100 உச்சம் என்பார்கள். வளையங்கள் முகத்தோடு முகம் அடுக்கும் இடைவெளி 3.8 ஆங்ஸ்ட்ராம், அது 010 உச்சம். மின்சுமை ஒரு சங்கிலியிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது இந்த 3.8 திசையில்தான். 16.5 திசையில் நடுவே ஹெக்சைல் வால்கள் மறித்துக்கொண்டிருப்பதால் அங்கே தாவுவது மிகக் கடினம்.

எனவே படிகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது முக்கியமாகிறது. அப்பளக் கட்டை மேசையில் வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வழக்கம்போல் தட்டையாக வைத்தால் அடுக்கும் திசை மேல்நோக்கி இருக்கும். சூரிய மின்கலத்தில் மின்சுமை மேலும் கீழும் போக வேண்டியிருப்பதால் இது நமக்கு உகந்தது. கட்டைச் சாய்த்து விளிம்பில் நிறுத்தினால் அடுக்கும் திசை பக்கவாட்டில் ஓடும்; டிரான்சிஸ்டருக்கு அது நல்லது. 1999இல் கேம்பிரிட்ஜில் சிரிங்ஹாஸ் குழு பி3ஹெச்டி டிரான்சிஸ்டரில் இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே மின்சுமை நகரும் வேகம் நூறு மடங்குக்கு மேல் வேறுபடும் என்று காட்டியது. கெட்ட செய்தி என்னவென்றால், பி3ஹெச்டிக்கு விளிம்பில் நிற்பதுதான் பிடிக்கும்.

கல்லூரியிலுள்ள சாதாரணப் பொடி டிஃப்ராக்டோமீட்டரில் படலத்தை வைத்தால், செம்பு மூலத்துக்கு 5.4 டிகிரியை ஒட்டி ஓர் உச்சம் வரும். அது அந்த 16.5 ஆங்ஸ்ட்ராம். பலர் உச்சம் வந்தால் படிகம், வராவிட்டால் படிகமில்லை என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. இந்தக் கருவி தகட்டுக்கு இணையாகப் படுத்திருக்கும் தளங்களை மட்டுமே பார்க்கும். விளிம்பில் நிற்கும் படிகங்கள் 5.4இல் பளிச்சென்று தெரியும். தட்டையாகப் படுத்திருக்கும் படிகங்கள், அதாவது மின்கலத்துக்கு நல்லவை, அந்த இடத்தில் ஒன்றுமே காட்டாது. 23 டிகிரியை ஒட்டி அவற்றின் 010 உச்சம் வர வேண்டும். ஆனால் அது மங்கலாக, கண்ணாடியின் அகன்ற மேட்டுக்குள் புதைந்துவிடும்.

இதனால்தான் கிவாக்ஸ் முறைக்குப் போகிறோம். எக்ஸ்-கதிரைப் படலத்தின்மேல் கிட்டத்தட்ட உரசிக்கொண்டே, 0.1 முதல் 0.2 டிகிரிக் கோணத்தில் அனுப்பி, சிதறுவதைத் தட்டைக் கண்டறிவானில் இருபரிமாணப் படமாகப் பிடிக்கிறார்கள். இவ்வளவு மெல்லிய படலத்துக்கு நல்ல சமிக்ஞை வேண்டுமென்றால் பெரும்பாலும் சின்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களைச் சுழற்றி மிகத் தீவிர எக்ஸ்-கதிர் தரும் பெரிய மையம்) தேவைப்படும். இந்தியாவில் இந்தூரில் இண்டஸ்-2 இருக்கிறது. வெளிநாட்டு மையங்களிலும் முன்மொழிவு எழுதி நேரம் வாங்கலாம். நேரம் கிடைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும் என்பதால், யூவி அளவீட்டில் தேறிய மாதிரிகளை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

அங்கே போனதும் செய்ய வேண்டியவை: அடுக்கு இடைவெளி முன்பே தெரிந்த சில்வர் பெஹனேட்டை வைத்து, மாதிரிக்கும் கண்டறிவானுக்கும் உள்ள தூரத்தை அளவீடு செய்துகொள்ளுங்கள். படலமே இல்லாத, பெடாட் மட்டும் பூசிய சிலிக்கானை ஒரு முறை எடுங்கள். இது இல்லாமல் பின்னணியைக் கழிக்க முடியாது. கோணத்தைப் படலத்தின் எல்லைக் கோணத்துக்கு (இதற்குக் கீழே கதிர் ஆழமாகப் புகாமல் எதிரொளிக்கும்) சற்று கீழும் சற்று மேலும் வைத்து இரண்டு படம் எடுங்கள். கீழே வைத்தது மேற்பரப்பை மட்டும் பார்க்கும், மேலே வைத்தது முழுத் தடிமனையும் பார்க்கும். ஒரே இடத்தில் நீண்ட நேரம் கதிரைப் பாய்ச்சினால் படலம் கெடும். குறுகிய நேரம் எடுத்து மாதிரியைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள்.

படத்தைப் படிப்பது எளிது. செங்குத்து அச்சில் தெரிவது தகட்டுக்குச் செங்குத்தான அடுக்கு, கிடை அச்சில் தெரிவது பக்கவாட்டு அடுக்கு. அச்சில் உள்ள எண் க்யூ, அதாவது சிதறல் திசையனின் அளவு, ஆங்ஸ்ட்ராமின் தலைகீழ் அலகில். அதைக் கொண்டு 6.283ஐ (பையின் இரு மடங்கு) வகுத்தால் இடைவெளி ஆங்ஸ்ட்ராமில் கிடைக்கும். 0.38 என்றால் 16.5, 1.65 என்றால் 3.8. 0.38 புள்ளி செங்குத்து அச்சிலும் 1.65 வில் கிடை அச்சிலும் இருந்தால் படிகங்கள் விளிம்பில் நிற்கின்றன. இடம்மாறி இருந்தால் தட்டையாகக் கிடக்கின்றன. வில் முழு அரைவட்டமாக நீண்டால் திசை ஒழுங்கே இல்லை. 1.4ஐ ஒட்டி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித் தெரியும் மங்கலான வளையம் பிசிபிஎம்முடையது. அது படிகமாகாமல் திரண்டிருப்பதைக் காட்டுகிறது.

உச்சத்தின் அகலத்திலிருந்து படிகத்தின் அளவையும் எடுக்கலாம். 6.283ஐ 0.9ஆல் பெருக்கி, உச்சத்தின் பாதி உயரத்து அகலத்தால் வகுக்க வேண்டும். அகலம் 0.05 என்றால் 113 ஆங்ஸ்ட்ராம், அதாவது 11 நானோமீட்டர். இது குறைந்தபட்ச மதிப்பு என்றே கொள்ளுங்கள், ஏனென்றால் அடுக்கில் உள்ள ஒழுங்கின்மையும் உச்சத்தை அகலமாக்கும். இன்னொன்று: உரசும் கோணத்தில் எடுக்கும்போது செங்குத்து அச்சை ஒட்டி ஒரு ஆப்பு வடிவப் பகுதியைக் கருவியால் பார்க்கவே முடியாது. திருத்திய படங்களில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். சில மென்பொருட்கள் அதை அழகாக நிரப்பிக் காட்டும். அதை வைத்து அளவு எண்களை எழுதாதீர்கள்.

மேலிருந்து கீழ் வரை

பி3ஹெச்டிக்குப் பரப்பு ஆற்றல் குறைவு, ஆகவே அது காற்றுப் பக்கம் ஏறிவிடும். பெடாட்டை ஒட்டிய அடிப்பகுதியில் பிசிபிஎம் கூடுதலாக இருக்கும். வழக்கமான மின்கலத்தில் துளைகளை வாங்கும் மின்முனை அடியில், எலக்ட்ரானை வாங்குவது மேலே. அதாவது இரண்டு பொருளும் தமக்கு வேண்டாத வாசலை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. மின்கலத்தையே தலைகீழாக்கி, அடியில் துத்தநாக ஆக்சைடும் மேலே மாலிப்டினம் ஆக்சைடும் வைத்துச் செய்யும் முறைக்கு இதுவும் ஒரு நியாயம். இந்தச் செங்குத்துக் கலவையை எலிப்சோமீட்டராலும் நியூட்ரான் எதிரொளிப்பாலும் அளக்கிறார்கள். தொடக்கத்தில் இதைத் தெரிந்துவைத்தால் போதும்.

மின்கலத்தின் எண்களைப் படிப்பது

மேலே அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைத்து மின்கலத்தை முடித்தால், நல்ல பி3ஹெச்டி கலவையில் 0.6 வோல்ட், சதுர சென்டிமீட்டருக்கு 9 முதல் 10 மில்லிஆம்பியர், ஃபில் ஃபேக்டர் (உச்ச வோல்ட், உச்ச மின்னோட்டம் இரண்டின் பெருக்கத்தில் உண்மையில் கிடைக்கும் பங்கு) 0.6க்கு மேல் வரும். ஃபில் ஃபேக்டர் மட்டும் சரிந்தால் பாதைகள் அறுந்திருக்கலாம், அதாவது அதிகக் கலப்பு. மின்னோட்டம் சரிந்து, கூடவே ஒளிர்வும் கூடியிருந்தால் திட்டுகள் பெரிதாகிவிட்டன. தடிமனையும் மறக்க வேண்டாம். ஒளியின் குறுக்கீட்டால் மின்னோட்டம் தடிமனோடு ஏறி இறங்கும்: முதல் உச்சம் 80 நானோமீட்டரை ஒட்டியும் அடுத்தது 200ஐத் தாண்டியும் வரும். நடுவில் மாட்டிக்கொண்ட படலத்தைப் பார்த்து அமைப்பு கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

ஒய்6க்குப் போகும்போது

2019இல் சாங்ஷாவிலுள்ள மத்தியத் தென் பல்கலைக்கழகத்தில் ஸோ யிங்பிங் குழு ஒய்6 என்ற ஃபுல்லரீன் அல்லாத மூலக்கூறை வெளியிட்டது. பிஎம்6 என்ற பாலிமரோடு சேர்த்து 15.7% தந்தது. மேலே பழகியதெல்லாம் அப்படியே பயன்படும், சில எண்கள்தான் மாறும். கரைப்பான் குளோரோஃபார்ம், விகிதம் 1:1.2, கூடவே கன அளவில் 0.5% குளோரோநாப்தலீன். அந்தத் துளியின் கொதிநிலை 260ஐ ஒட்டியது; குளோரோஃபார்ம் பறந்தபிறகும் தங்கியிருந்து ஒய்6 ஒழுங்குபட நேரம் வாங்கிக் கொடுக்கிறது. 0.5ஐ 2 ஆக்கிவிட்டு என்ன ஆகிறது என்று ஒரு தகட்டில் பார்த்துவிடுங்கள், அடுத்த முறை பிப்பெட்டைக் கவனமாகப் பிடிப்பீர்கள்.

யூவியில் ஒய்6 கரைசலில் 730ஐ ஒட்டியும் படலத்தில் 820ஐ ஒட்டியும் உறிஞ்சும். இங்கே 605 தோளுக்குப் பதிலாக இந்த நகர்வைப் பின்தொடருங்கள். கிவாக்ஸில் 1.75ஐ ஒட்டிய அடுக்கு உச்சம் செங்குத்து அச்சிலேயே வரும். பி3ஹெச்டிக்குப் பிடிக்காத தட்டை நிலை இதற்கு இயல்பு. குளோரோஃபார்ம் உலர எடுக்கும் நேரம் மிகக் குறைவு என்பதால், கரைசலை விடுவதற்கும் சுழற்சி தொடங்குவதற்கும் இடையே ஒரு வினாடி தயங்கினாலும் படலம் மாறிவிடும். முதலில் தகட்டைச் சுழல விட்டு, சுழலும்போதே நடுவில் ஒரே சொட்டாகக் கரைசலை இறக்கப் பழகிக்கொள்ளுங்கள்.